ஓடும், ஓடாது

எங்கள் பெட்டியில் அவருக்கு ஆபரேட்டர் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் அவருடைய சீசன் டிக்கெட்டில் இருந்திருக்கும். ஆறு வருஷம் ஒரே பெட்டியில் போய் வந்தும் நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் பாசஞ்சர் வண்டி அது. வண்டி புறப்படும் மாரிக்குப்பத்திலேயே அக்கா ஏறிவிடுவார். அதனால் பெண்கள் பெட்டியில் ஜன்னல் சீட்டு அவருக்கு. நான் ஏறுவது பங்காருப்பேட்டையில். அதற்குள் பெட்டி நிறைந்துவிடும். கண்டோன்மென்ட் வரை ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டேதான் போகவேண்டும். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜன்னல் சீட்டின்மேல் முதல் நாளிலிருந்தே எனக்கு ஒரு கண். அக்காவோடு பேச்சுக் கொடுத்ததே அதற்காகத்தான்.

அக்கா அல்சூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் போன்களையெல்லாம் எடுத்து, யார் வேண்டும் என்று விசாரித்து, அந்த வார்டுக்கோ டாக்டருக்கோ இணைத்துவிடுவது வேலை. தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலிலும் “ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லத் தெரிந்தவர். நான் கண்டோன்மென்ட் பக்கத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஆபீஸ் பதிவேட்டில் நான் டைப்பிஸ்ட்தான்.

அக்காவின் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் எப்போதும் ஓர் இங்கிலீஷ் பேப்பர் இருக்கும். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் எல்லாரும் படித்து முடித்த முந்தின நாள் பேப்பர். அதில் மந்திரி யார், விலைவாசி என்ன என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். கம்ப்யூட்டர், போன், சாட்டிலைட் என்று எங்கே அச்சாகியிருந்தாலும் அந்தப் பத்தி மட்டும் வேண்டும். டேக்கல் தாண்டியதும் கண்ணாடியை மாட்டுவார். மாலூர் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். சினிமாவுக்குச் சொல்வதுபோல இரண்டே தீர்ப்பு. ஒன்று ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அது தீர்ப்புக்கு ஒரு தடையாக இருந்ததில்லை.

முதல் முதலாக அவர் என்னிடம் கேட்டது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பற்றி.

“உங்க ஆபீஸ்ல அத்த எங்கமா வச்சிருக்காங்க?”

“தனி ரூம்கா. ஏசி போட்டு வச்சிருக்காங்க. செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போவணும்.”

“செருப்ப கழட்டணுமா?” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அப்ப ஓடாது. சாமி ரூம்ல வச்ச பொருளு எத்தினி நாளைக்கு ஓடும்? செருப்போட போற எடத்துக்கு அது வரட்டும், அப்ப பேசலாம்.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, என் மேஜைமேல், டீ கிளாசுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. நான் செருப்போடு உட்கார்ந்து தட்டினேன். ஆனால் அதற்குள் அக்காவின் வேறு பல தீர்ப்புகள் குப்புற விழுந்திருந்தன. விழாமல் என்ன செய்யும்? நாளுக்கு ஒன்று சொன்னால் எத்தனை தேறும்?

தண்டனை என்று ஒன்றைக் கண்டுபிடித்தது நான்தான். கால் கடுத்துப்போன ஒரு காலையில் வாயை விட்டேன்.

“நீங்க பாட்டுக்கு ஓடும், ஓடாதுன்னு சொல்லிட்டுப் போறீங்களே அக்கா. தப்பாப் போனா இன்னா?”

“இன்னா செய்யணும், சொல்லு.”

“எழுந்து நிக்கணும். பங்காருப்பேட்டைலேருந்து கண்டோன்மென்ட் வரைக்கும். சீட்டு எனக்கு.”

பெட்டியே சிரித்தது. தையல் கம்பெனிக்குப் போகும் மேரி, “ஆகட்டும்க்கா, ஒத்துக்க” என்று ஏற்றிவிட்டாள். அக்கா யோசிக்கவே இல்லை. “சரி. நீ தப்பாச் சொன்னா?”

“நானும் நிக்கறேன்.”

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருந்தேன்! இது அக்காவுக்கு உறைக்க ஒயிட்ஃபீல்டு வரை ஆயிற்று. உறைத்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கில்லாடிம்மா நீ” என்றார். ஆனால் விதியைக் கடைசிவரை மாற்றவில்லை.

அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் நான் அதற்கு எதிர்க்கட்சி. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அக்கறையும் கிடையாது. அவர் ஓடும் என்றால் நான் ஓடாது. சீட்டுதான் என் கொள்கை.

முதலில் பேஜர். ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாரும் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். “இது நூறு வருஷம் ஓடும்மா” என்றார் அக்கா. “சேதி வரும், ஆனா உடனே பேசித் தொலைக்கணும்னு கட்டாயம் இல்ல. மனுசனுக்கு அதான வோணும்?” செல்போன் ஓடவே ஓடாது என்பதும் அதே மூச்சில் வந்தது. பேசினாலும் காசு, கேட்டாலும் காசு என்றால் எவன் வாங்குவான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய தப்பில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும்.

பிறகு நான் பேஜரை மறந்தே போனேன். ஒருநாள் பங்காருப்பேட்டையில் ஏறினால் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னல் சீட்டில் அவருடைய பை.

“இன்னாக்கா, இடுப்பு வலியா?”

“பெரிய டாக்டர் நேத்து பேஜர திருப்பிக் குடுத்துட்டாரு. செல்லு வாங்கிட்டாரு. அவரு மாத்திட்டா மத்தவங்களும் மாத்திருவாங்க. தப்பா சொல்லிட்டேன். வா, உக்காரு.”

யாரும் கேட்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. தான் சொன்னதையெல்லாம் அவரே ஞாபகம் வைத்திருந்து, தப்பு என்று தெரிந்த மறுநாள் காலையில் தானாகவே எழுந்து நிற்பார். முகத்தில் ஒரு வாட்டம் இருக்காது. “ஏன் தப்பாச்சுன்னு நின்னுக்கினு யோசிச்சா நல்லாப் புரியுதும்மா” என்பார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குவேன். வெட்கப்பட்டதாக நினைவில்லை.

இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று பேப்பர் பேப்பராக எழுதினார்கள் அல்லவா? அதை அக்கா முழுசாக நம்பினார். ஆஸ்பத்திரி லிஃப்ட் நிற்கும், கரண்ட் போகும், தண்ணீர் வராது. வீட்டில் இருந்த குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துவைத்து, மெழுகுவர்த்தி கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டார். புது வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வண்டிகூட என்றும் இல்லாத அதிசயமாகச் சரியான நேரத்துக்கு வந்தது. அன்று அக்கா மாரிக்குப்பத்திலிருந்தே நின்றுகொண்டு வந்தார். “இது பெரிய தப்பு. பங்காருப்பேட்டைலேருந்து நின்னா பத்தாது” என்றார். அந்த மெழுகுவர்த்திகளை எரித்துத் தீர்க்க ரொம்ப நாள் ஆகும் என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்தாராம்.

ஒரு சனிக்கிழமை, இருவருக்கும் அரைநாள் லீவு. கம்ப்யூட்டரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று என்னைக் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். குறுகலான ஒரு கடை. உள்ளே மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து போட்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தார். கடைக்காரரிடம் கன்னடத்தில், “ஒளகெ பூரா காலி இதெயல்லா!” என்று உள்ளே இருந்த காலி இடத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். கடைக்காரர், “மேடம், தகொள்த்தீரா இல்வா?” என்று வாங்குவீர்களா மாட்டீர்களா என்பதில் குறியாக இருந்தார். வாங்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: “உள்ள பாதிக்கு மேல வெறும் காத்துமா. இத்தினி காலி எடம் இருந்தா அது சின்னதாகிக்கினே போகும். கைல புடிக்கற அளவுக்கு வரும் பாரு.” நான் வழக்கம்போல வராது என்றேன். இப்போது நினைத்தால் அந்த ஒரு வாக்குக்காக நான் ஒரு மாதம் நின்றிருக்க வேண்டும்.

எடுக்காத போனில் சேதி சொல்வதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன் இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், செல்போனிலும் இதையேதான் செய்யப்போகிறார்கள் என்றார். அப்படியே நடந்தது. பேப்பரைப் பார்த்துச் சொன்னதில்தான் அவருக்கு அதிகம் சறுக்கியது. ஆட்களைப் பார்த்துச் சொன்னது பெரும்பாலும் பலித்தது. இதை அப்போதே கவனித்திருந்தால் நான் இன்னும் சாமர்த்தியமாக எதிர்க்கட்சி நடத்தியிருப்பேன்.

அவர் தன் வேலையைப் பற்றியே ஒருமுறை தீர்ப்புச் சொன்னார். வெளிநாட்டில் போனைத் தானாக எடுத்துப் பேசும் மிஷின் வந்திருக்கிறது, ஆபரேட்டரே வேண்டாம் என்று பேப்பரில் போட்டிருந்தது.

“ஓடாது” என்றார். “எனக்குப் போன் பண்றவங்கள்ல பாதிப் பேருக்கு யார் வோணும்னே தெரியாதும்மா. ‘எங்கம்மாவ நேத்து சேத்தோமே, எப்டி இருக்காங்க’ன்னு கேப்பாங்க. எந்த அம்மா, எந்த வார்டு? நாலு கேள்வி கேட்டு நானாத்தான் கண்டுபுடிக்கணும். மிஷினு கேக்குமா? என் வேலைய எந்த மிஷினும் எடுக்காது.”

நான் உடனே, “எடுக்கும்” என்றேன். சீட்டுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் சொன்னேன்.

மெழுகுவர்த்தி வாங்கியதற்கு அடுத்த வருஷம், அந்த மிஷின் அக்காவின் ஆஸ்பத்திரிக்கே வந்தது. இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது, நன்றாக இருந்தால் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, “இத்தனை வருஷம் டெலிபோன் போர்டு பார்த்தது நீங்கள்தான். இது சரிப்படுமா என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். சரிப்படும் என்றால் ஆபரேட்டர் வேலை இருக்காது. அதை டாக்டர் மறைக்கவும் இல்லை.

அப்போது தங்கவயலில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. அக்காவின் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. மூத்த மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். சுரங்கமும் போய் இந்த வேலையும் போனால் அந்த வீட்டில் சம்பளம் என்று ஒன்று இருக்காது. பெட்டியில் எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

“இதுல யோசிக்க இன்னா இருக்குது? ஓடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வாக்கா” என்றாள் மேரி.

அக்காவோ முதல் வாரம் முழுக்க அந்த மிஷினைப் புகழ்ந்து தள்ளினார். அது எப்படி ஒரே நேரத்தில் நாலு போன் எடுக்கிறது, மருந்துக்கடைக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு என்று எப்படிச் சளைக்காமல் சொல்கிறது, பின்பக்கம் திறந்தால் எவ்வளவு சுத்தமாக ஒயர் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் விவரித்தார். தன் வேலையைப் பறிக்க வந்த சாமானைப் பற்றி இப்படிச் சந்தோஷமாகப் பேசும் ஆளை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேறு கதையோடு வந்தார். அவர் வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவரின் மனைவி அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த ஆள் தங்கள் வீட்டு வரிசையில் போன் இருந்த ஒரே வீடான மேஸ்திரி வீட்டிலிருந்து மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்குப் பேசப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“‘உங்க ஆஸ்பத்திரில ஒரு பொம்பள ஒன்ன அழுத்து, ரெண்ட அழுத்துன்னு சொல்லிக்கினே இருக்குது, எத்த அழுத்தறது’ன்னு கேக்கறாரு. மேஸ்திரி வூட்ல இருக்கறது பழைய கறுப்பு போனு. விரல வுட்டு சுத்தற போனு. நான் போயி சுத்திப் பாத்தேன். மிஷினுக்குக் கேக்கவே இல்ல. பட்டன் அழுத்துற சத்தந்தான் அதுக்குக் கேக்கும். மூணு தடவ அதே பாட்டப் பாடிட்டு வச்சிருச்சு. போர்டுக்கு போன் கொறஞ்சிருச்சுன்னு மிஷின மாட்ட வந்த இன்ஜினியர் தம்பி சந்தோசப்பட்டுச்சே, எப்டி கொறஞ்சிதுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.”

மேரி கையைத் தட்டினாள். “காரணம் கெடச்சிருச்சு!”

நானும் சொன்னேன்: “அக்கா, இது ஓடாது. சத்தியமா ஓடாது. எழுதிக் குடுங்க.” அவர் வேலையில் இருக்க வேண்டும் என்று மனசார நினைத்துச் சொன்னேன். சீட்டை நினைக்காமல் நான் சொன்ன முதல் கருத்து அதுதான்.

அக்கா பேப்பரை மடித்தார். “அப்டி எழுதுனா அது அரை உண்மைமா. இன்னும் நாலு வருஷத்துல மேஸ்திரி வூட்லயும் பட்டன் போன் வந்துரும். அப்ப இந்த மிஷினு ஜோராவே ஓடும்.”

“நாலு வருஷம் கழிச்சு வர்றத உங்கள யாருக்கா கேட்டா?”

“ஓடுமா ஓடாதான்னுதான கேட்டாரு? இந்த ரயில்ல தெனம் வாய்க்கு வந்ததச் சொல்லிக்கினு வர்றேன். மொத தடவையா ஒருத்தரு காயிதத்துல எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காரு. அதுல போயி பொய் சொல்வேனா?”

மிஷின் ஓடும், வாங்கலாம், ஆனால் எதையும் அழுத்தாமல் காத்திருப்பவர்களைத் துண்டிக்காமல் ஓர் ஆளிடம் அனுப்பும்படி அதை மாற்ற வேண்டும், பட்டன் போன் எல்லா வீட்டுக்கும் வரும்வரை ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், நாலு வருஷத்துக்குப் பிறகு அவரும் தேவைப்படமாட்டார் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். தன் வேலை முடியும் காலத்தைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

எழுதிக் கொடுத்த மறுநாள் பங்காருப்பேட்டையில் ஏறினேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் சீட்டில் பேப்பர் மட்டும் கிடந்தது.

“வா, உக்காரு. என் வேலைய எந்த மிஷினும் எடுக்காதுன்னு சொன்னேன்ல? தப்பு. நீ சொன்னதுதான் சரி.”

எத்தனை காலை அந்தச் சீட்டில் சட்டென்று போய் விழுந்திருக்கிறேன்! அன்று என் கால் நகரவில்லை. “எனக்கு வேணாம்க்கா” என்றேன். அக்கா மேரியைப் பார்த்தார். மேரி தலையைத் திருப்பிக்கொண்டாள். மாலூரில் கூட்டம் ஏறியது. புதிதாக வந்த ஒருத்தி சீட்டைக் காட்டி, “யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டாள். நாலைந்து பேர் ஒரே குரலில், “ஆள் இருக்குது” என்றோம். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் அக்காவுக்கே கோபம் வந்துவிட்டது. “இத்தினி பேரு நிக்கறீங்க, ஒரு சீட்டு சும்மா போவுது. புத்தி இருக்குதா உங்களுக்கு?” என்று சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். கண்டோன்மென்ட் வரை அந்தச் சீட்டு காலியாகவே வந்தது.

அதே வருஷம் எனக்குக் கல்யாணமாகி ஜோகுபாளையத்துக்கு வந்துவிட்டேன். ரயில் விட்டுப்போயிற்று. சுரங்கத்தை மூடினார்கள். அக்காவின் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு நாலு வருஷம் கழிந்தபோது, இனிமேல் அங்கே அவர் இருக்கமாட்டார் என்று நானே கணக்குப் போட்டு விட்டுவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, அம்மாவின் மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கலாம் என்று செல்போனில் அந்த ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். மிஷின் எடுத்தது. முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில் பேசியது. இரண்டு சொல் கேட்டதும் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அக்காவின் குரல். ரயிலில் பேசுகிற குரல் அல்ல, போர்டில் பேசுகிற சுத்தமான குரல். மருந்துக்கடைக்கு ஒன்று, பரிசோதனைக்கு இரண்டு என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னது: “எதையும் அழுத்த முடியவில்லையா? வைத்துவிடாதீர்கள். அப்படியே இருங்கள். ஆள் பேசுவார்.”

நான் எதையும் அழுத்தவில்லை. அப்படியே இருந்தேன். மணி அடித்தது.

“ஒரு நிமிஷம் இருங்க... ஆங், சொல்லுங்க. யார் வோணும்?”

மிஷின் அல்ல. அவரேதான்.

“அக்கா, பங்காருப்பேட்டைலேருந்து நின்னுக்கினே வருவேனே...”

“யாரு, ஜன்னல் சீட்டா?” என்று கேட்டார். ஆக, எனக்கும் அந்தப் பெட்டியில் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

“நாலு வருஷத்துல உங்க வேலை போயிரும்னு எழுதிக் குடுத்தீங்களேக்கா. இன்னும் உக்காந்துக்கினு இருக்கீங்க? மேஸ்திரி வூட்ல பட்டன் போன் வரலியா?”

“அத்த ஏம்மா கேக்கற. மேஸ்திரி வூட்ல மூணு செல்லு. ஊர்ல ஒரு கறுப்பு போன் பாக்கி இல்ல. எல்லார்கிட்டயும் பட்டன் இருக்குது, ஒருத்தரும் அழுத்த மாட்டேங்கறாங்க. மிஷினு பாடி முடிக்கற வரைக்கும் பேசாம இருந்துட்டு, நான் எடுத்ததும் ‘எங்கம்மாவ நேத்து சேத்தோமே’ன்னு ஆரம்பிக்கறாங்க. முன்ன விட ஜாஸ்தியாத்தான் வருது. நாலு வருஷம்னு நான் எழுதுனது சுத்தத் தப்பு.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“தப்புன்னா எழுந்து நில்லுங்க” என்றேன்.

போனில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“நின்னுட்டேன். சொல்லு, வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?”